கோல்டிங்குக்குப் போன பன்றித்தொடை

அருமைநாயகி ஊர் பார்க்கத்தான் பயணம் போகிறாள் என்று நினைப்பவர்கள் அவளோடு ஒருநாளும் பயணம் போகாதவர்கள். பாரிஸில் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தின் காலடியில் நெடுநேரம் நின்றாள். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நிலத்தில் விரித்த துணியில் அதே கோபுரம் சாவி மாட்டும் வளையமாக விற்பனைக்குக் கிடந்தது. ஒரே நிறத்தில், ஒரே அளவில் பொறுக்கி எடுப்பதற்கே பொழுது போய்விட்டது. இதிலும் அதுதானே இருக்கிறது என்று புருஷனுக்குச் சமாதானம் சொன்னாள். புருஷன் செல்வரட்ணம் இரண்டு தோளிலும் பை தொங்க நின்றபடியால் அவருக்கும் அண்ணாந்து பார்க்கக் கழுத்து வளையவில்லை.

ஒரே நிறமும் ஒரே அளவும் சும்மா வந்தவை அல்ல. அவள் குடியிருக்கும் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டிலும் கோல்டிங்கிலும் எஸ்பியர்க்கிலும் அவளுக்குச் சொந்தக்காரர், சொந்தக்காரரைவிட மேலான மாதா கோயில்காரர், கோயில்காரரின் சம்பந்திகள் என்று ஏகப்பட்ட வீடுகள் உண்டு. பயணம் போய் வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் போகவேண்டும். ஒரு வீட்டுக்குப் போனது மற்ற வீட்டுக்குப் போனதைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தால், ஞாயிறு பூசை முடிந்து கார் தரிப்பிடத்துக்கு வருவதற்குள் அது அளந்து முடிந்துவிடும். பிரசங்கத்தில் சுவாமி என்ன சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிராது. யார் வீட்டுக் குளிர்பெட்டியில் எந்த ஊர்க் காந்தம் ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்.

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் டெனிஷ்காரப் பெண்கள் வேறு வகை. தாய்லாந்துக்குப் போய்வந்த ஒருத்தி ஒரே ஒரு பை இனிப்பைக் கோப்பி மேசையில் கவிழ்த்துவிட்டுத் தன் பாட்டில் வேலைக்குப் போய்விடுவாள். மற்றவர்கள் ஆளுக்கொன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நன்றி சொல்வார்கள். அவ்வளவுதான். கோபமில்லை, அளவில்லை, அவளுக்குக் கொடுத்தது எனக்குக் கொடுக்கவில்லை என்ற பேச்சில்லை. இப்படியும் ஒரு சனம் உறவு கொண்டாடி உயிரோடு இருக்கிறதே என்று அருமைநாயகிக்கு இத்தனை வருடமாகியும் வியப்புத் தீரவில்லை.

அந்த அளவு விஷயத்தில் அவள் ஒரேயொரு முறைதான் தவறினாள். அந்த ஒருமுறைக்கு அவள் கொடுத்த விலை, அவளுடைய ஒரே தங்கச்சி கிளோறியா.

ஏழு வருடத்துக்கு முன் கோயில்காரர் பஸ் பிடித்து லூர்து மாதாவிடம் போய்வந்தார்கள். அருமைநாயகி வீட்டுக்கு ஒன்றாக, மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் போத்தல்களில் தீர்த்தம் நிரப்பி வந்தாள். மாதாவின் நீலக் கிரீடம்தான் மூடி. திரும்பி வரும் வழியில் ஒரு கிரீடம் கழன்று, அரைவாசித் தீர்த்தம் செல்வரட்ணத்தின் காலுறைகளை ஆசீர்வதித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் குழாயைத் திறந்து, குறையை நிரப்பி, சிலுவை போட்டுக் கொடுத்திருப்பார்கள். எத்தனையோ வீடுகளில் அப்படி நிரப்பிய தீர்த்தம் காய்ச்சலை மாற்றியிருக்கிறது. ஆனால் அருமைநாயகி நேர்மையான பெண். குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெளியாருக்கு அரைப்போத்தல் கொடுக்கவும் முடியாது. தங்கச்சிதானே, விளங்கிக்கொள்வாள் என்று நினைத்தாள்.

தங்கச்சி மிக நன்றாகவே விளங்கிக்கொண்டாள். எல்லாருக்கும் முழு மாதா, எனக்கு மட்டும் இடுப்பளவு மாதாவோ என்று கேட்டாள். அருமைநாயகியும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உன்ரை விசுவாசத்துக்கு அரைப்போத்தலே மிச்சம் என்றாள். அன்றைக்கு அறுந்ததுதான். ஒரே கோயிலில் ஒருத்தி வலப்பக்கம், மற்றவள் இடப்பக்கம். சமாதானம் கூறிக் கைகுலுக்கும் நேரத்தில் இரண்டு பேரும் முன் வாங்கில் இருப்பவரின் கையைத் தேவைக்கு மேலே குலுக்குவார்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் தொலைபேசியில் கதைப்பார்கள். என்ன சமைத்தாய் என்று தொடங்கினால் அது எங்கெங்கோ போகும். கிளோறியாவை டென்மார்க்குக்குக் கூப்பிட்டு, ஒரு பனிக்காலம் முழுவதும் தன் சப்பாத்தைக் கொடுத்து, கலியாணமும் கட்டிவைத்தவள் அருமைநாயகிதான். ஏழு வருடமாக அந்த நேரம் வந்தால் அவள் கை தன்னையறியாமல் தொலைபேசிக்குப் போகும். பிறகு எடுத்த கையோடு அதைத் துணியால் துடைத்துவிட்டு வைப்பாள். கிரின்ஸ்டெட்டில் அவ்வளவு பளபளப்பான தொலைபேசி வேறொருவரிடமும் கிடையாது.

இலையுதிர்கால விடுமுறைக்கு மகன் ஸ்ரிபன் தாய் தகப்பனுக்கு ஸ்பெயின் நாட்டு மலாகாவுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தான். கடலுக்கு முன்னால் ஹோட்டல். கடற்கரையில் படுத்திருக்க வேண்டும், ஒன்றும் வாங்கக் கூடாது என்று டெனிஷில் இரண்டு தரமும், விளங்காவிட்டால் என்று தமிழில் ஒரு தரமும் சொன்னான். இரண்டு பேரும் ஓம் என்றார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் கிளோறியாவின் புருஷன் பீற்றரின் அழைப்பு வந்தது. சகலன்மார் இரண்டு பேருக்கும் ஒருநாளும் சண்டை இருந்ததில்லை. ஆனால் குடும்ப மரியாதைக்காக ஏழு வருடமாகக் காருக்குள் இருந்துதான் கதைப்பார்கள். கிளோறியாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, நீங்கள் திரும்பி வரும்போது வீட்டில்தான் இருப்பாள் என்றார் பீற்றர். செல்வரட்ணம் கராஜிலிருந்து வந்து, ஏதோ வானிலைச் செய்தி போல அதை மனைவியிடம் சொன்னார். அருமைநாயகி உடுப்பு மடிப்பதை நிறுத்தினாள். முழங்கால் வெட்டியவள் எழும்பி அடுத்த அறைக்குப் போகமாட்டாள் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. கதவு திறந்தால் போதும். ஆனால் ஸ்பெயினுக்குப் போய்வந்தவள் வெறுங்கையோடு போகமுடியாது. கொண்டுபோகும் சாமான் இன்னொரு அரைப்போத்தலாகவும் இருக்கக்கூடாது.

மலாகாவில் மகன் சொல்லைக் காலைச் சாப்பாடு முடியும்வரை காப்பாற்றினார்கள். பிறகு கடைத்தெரு.

முதல் கடைக்காரன் பங்களாதேஷ்காரன். அருமைநாயகி காளைமாட்டுக் காந்தம் ஒன்றைத் தூக்கிப் பார்த்ததும், எத்தனை வீடு அக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து, இன்னும் திறக்காத பெட்டியொன்றை எடுத்து வைத்தான். இவ்வளவு விளக்கமான ஒரு மனிதனை அவள் ஐரோப்பாவில் இதுவரை கண்டதில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மாட்டின் கொம்பையும் தடவிப் பார்த்தாள். ஒரு மாட்டுக்கு இடக்கொம்பு நுனி போயிருந்தது. அந்த நுனிக்கு இன்னொரு ஏழு வருடம் கொடுக்க அவள் தயாராயில்லை. மாற்றித் தரச்சொன்னாள்.

மற்ற வீடுகளின் கதை இப்படி மாட்டோடு முடிந்தது. கிளோறியாவுக்கு மாடு காணாது, அதைவிடப் பெரிதாக வேண்டும். விசிறி ஒன்றை விரித்துப் பார்த்தாள். கறுப்பில் சிவப்புப் பூ, வடிவுதான். ஆனால் விசிறி கொண்டுபோனால், நான் சூடாய் இருக்கிறனெண்டோ சொல்லுறாய் என்பாள். குங்குமப்பூ விலைதான் பெரிது, உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா என்று தேடவேண்டும். இனிப்பு வைன் நல்லது என்று செல்வரட்ணம் கொஞ்சம் ஆசையோடு காட்டினார். போத்தல் என்ற சாமான் இனி அந்த வீட்டு வாசலில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சந்தைக்குள் போனார்கள். இரும்புத் தூண்களும் கடைசிச் சுவரில் நிறக்கண்ணாடியுமாக, கோயில் கட்டத் தொடங்கிப் பாதியில் மீன் விற்கலாம் என்று முடிவெடுத்தது போலிருந்தது. மிளகாய்த்தூளைத் தொட்டு நாக்கில் வைத்தாள். நிறம் இருந்தது, உறைப்பு இல்லை. இந்தத் தூளை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி உலகத்தைப் பிடித்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. முந்திரிகை வற்றலில் கொட்டை கிடந்தது. ஒலிவங்காயில் ஒன்றைக் கடித்துவிட்டு, முகம் சுருங்கி, மீதியைச் செல்வரட்ணத்தின் கையில் வைத்தாள். வறுத்து உப்புப் போட்ட பாதாம் பருப்பு மட்டும் பிடித்தது. கடதாசிச் சுருளில் வாங்கியது அடுத்த மூலை வருவதற்குள் முடிந்தது. செல்வரட்ணத்துக்கு உப்புக் கிடைத்தது.

மீன் பக்கத்தில் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தாள், கண்ணை அமத்தினாள், வாலைத் தூக்கினாள். கடைக்காரி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தம் போடத் தொடங்கினாள். மொழி விளங்கவில்லையே தவிர, அது மன்னார் மீன் சந்தைப் பேச்சேதான். டென்மார்க்கில் இத்தனை வருடத்தில் ஒருவரும் தன்னை இப்படி மனம் திறந்து ஏசவில்லை என்று அவளுக்குக் கண் கலங்கிப் போயிற்று.

அப்போதுதான் அதைக் கண்டாள். எதிர்க் கடையின் மேலே, உப்பில் போட்டு ஆண்டுக்கணக்கில் காற்றில் உலர்த்திய பன்றித்தொடைகள் குளம்போடு வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளையின் பாரம். அருமைநாயகி அவற்றுக்குக் கீழே நின்று, பாரிஸில் பார்க்காத கோபுரத்துக்கும் சேர்த்து அண்ணாந்து பார்த்தாள். இடுப்பிலிருந்து குளம்புவரை முழுசு. உலகத்தில் எந்தத் தங்கச்சியும் இதைப் பார்த்து அரைவாசி என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் மரியாதையான கிழவர். கண்ணாடி போல மெல்லிதாக ஒரு துண்டு சீவி, கடதாசியில் வைத்து நீட்டினார். அருமைநாயகி அதை வாயில் போட்டாள், செல்வரட்ணத்தைப் பார்த்தாள்.

"பச்சை இறைச்சியப்பா."

செல்வரட்ணத்துக்கு அது தேனாக இருந்தது. ஆனால் அவர் முப்பத்தைந்து வருடக் குடும்பஸ்தர். ஓம் என்றார்.

கிழவர் எலும்பை எடுத்து, சீவி, பொதிசெய்து தருகிறேன், கொண்டுபோகச் சுகம் என்று கையால் காட்டினார். வேண்டாம் என்றாள். சீவிப் பொதிசெய்தால் அது முழுத்தொடைதான் என்பதற்குச் சாட்சி யார்? இதைச் சீவ நீளக் கத்தியும் தாங்கு கட்டையும் உண்டா என்று கேட்டார். தன்னிடம் இறைச்சிக் கொடுவாக்கத்தி இருக்கிறது என்று அவள் காற்றில் வெட்டிக் காட்டினாள். கிழவரின் முகம் கொஞ்சம் மாறியது. அடுப்பு எரிவது போல விரல்களை ஆட்டி, இல்லை இல்லை என்று தலையை அசைத்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். சமைக்க வேண்டாம் என்று ஒரு மனிதன் அதைவிட உருக்கமாகச் சொல்ல முடியாது. அருமைநாயகிக்கும் அது முழுதாக விளங்கியது. விளங்கியதெல்லாவற்றுக்கும் கட்டுப்படுவதென்றால் அவள் இந்த வயதுவரை குடும்பம் நடத்தியிருக்க முடியாது. பாவம், சமைக்கத் தெரியாத சனம் என்று இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுத் தொடையை வாங்கினாள்.

திரும்பும் நாளில் தொடைக்குப் பெட்டியில் இடம் வேண்டியிருந்தது. செல்வரட்ணம் தன் சேர்ட் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதற்குமேல் குளிர் அங்கியும் போட்டு, மலாகா வெயிலில் விமானம் ஏறினார். திரும்பி இறங்கிய பில்லுண்ட் விமான நிலையத்தில் பெட்டியின் வாய் கொஞ்சம் திறந்து, அவர் இடுப்பில் கட்டும் சாரத்தில் சுற்றிய ஒரு கறுப்புக் குளம்பு வெளியே நீட்டிக்கொண்டு, பெட்டிகள் வரும் பட்டியில் சுற்றி வந்தது. டெனிஷ்காரர் எல்லாரும் அதைக் கண்டார்கள். கண்டதும் எல்லாரும் ஒரேயடியாகத் தங்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மாடுகள் இரண்டு நாளில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் நாள் மாலை ஸ்ரிபன் வந்தபோது கராஜில் தகப்பன் மரம் அறுக்கும் வாளோடு வியர்த்து நின்றார். உள்ளே, ஸ்ரிபனைக் குழந்தையாயிருந்தபோது குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டியில் ஸ்பெயின் தேசத்தின் பெருமை துண்டு துண்டாக ஊறிக்கொண்டிருந்தது. கருவாட்டுக்கு உப்பு எடுப்பது போல, அரிசி கழுவிய தண்ணீர். ஸ்ரிபன் கோல்டிங்கில் ஒரு கந்தோரில் வேலை செய்பவன், இந்தச் சாமானைக் கூட்டாளிகளோடு உணவகத்தில் சின்னத் தட்டில் வைத்துச் சாப்பிட்டுப் பழகியவன். தலையில் கையை வைத்தான். அந்தப் பன்றி காட்டில் ஓக் விதை தின்று வளர்ந்தது, பிறகு மலையில் தொங்கியது, இதைக் கடதாசி போலச் சீவித்தான் சாப்பிட வேண்டும், நீங்கள் செய்வது குற்றம் என்று டெனிஷில் மூச்சுவிடாமல் சொன்னான். அருமைநாயகி வெங்காயம் வெட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"என்ரை தங்கச்சி முழங்கால் வெட்டிக் கிடக்கிறாள். வருத்தக்காரி வீட்டை ஆரும் பச்சை இறைச்சி கொண்டுபோய் நீட்டுறதோ? சமைச்சுத்தான் கொண்டுபோறது."

ஸ்ரிபன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். உப்பு விலகாது என்று மட்டும் கடைசியாகத் தமிழில் சொன்னான்.

மூன்று தரம் தண்ணீர் மாற்றினாள். வறுத்த கறித்தூள், உள்ளி, இஞ்சி, பெருஞ்சீரகம், பழப்புளி எல்லாம் போட்டு, கோயில் திருநாளுக்கு எடுக்கும் பெரிய சட்டியில் அவியவிட்டாள். நெடுநேரம் கழித்து ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் வைத்தாள். இறைச்சி செருப்புக்கும் கருவாட்டுக்கும் இடையில் ஏதோவொன்றாக இருந்தது. உப்பு தொண்டையைப் பிடித்தது. கொஞ்சம் தூக்கல்தான், சோற்றோடு சரியாகிவிடும் என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை. கிளோறியாவுக்கென்று இருந்த ஒரே சாமானையும் கெடுத்துவிட்டேன் என்று அவளுக்குப் பயம் பிடித்தது. வேறொன்றும் இல்லை, வெறுங்கையோடும் போகமுடியாது. சட்டியைத் துணியால் கட்டினாள்.

கோல்டிங்கில் கதவைத் திறந்த பீற்றர் ஆச்சரியப்பட்டவராக நடித்தார். அவருக்கு அது வரவில்லை. கிளோறியா சாய்நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்தாள். அக்காவைக் கண்டாள், முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். எழும்பிப் போக முடியாத கோபம் கழுத்தில் தெரிந்தது. தலையில் நிறைய நரை வந்திருந்தது. கோயிலின் மற்றப் பக்கத்திலிருந்து அருமைநாயகிக்கு அது தெரிந்ததில்லை. காரில் வரும்போது யோசித்து வைத்த பேச்செல்லாம் போய்விட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் நுழைந்தாள். கரண்டிகள் வேறு லாச்சிக்கு மாறியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள்.

சோற்றில் கறியைப் போட்டுத் தங்கச்சியின் மடியில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்தாள். செல்வரட்ணமும் பீற்றரும் கூடவந்த ஸ்ரிபனும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கிளோறியா வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்றாலும் வாய் திறக்க வேண்டுமே; அந்த ஏழு வருட நேர்த்தியை ஒரு சொல்லில் கெடுக்க அவளுக்கு விருப்பமில்லை. பேசாமல் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். திரும்பவும் மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அக்கா, உப்புக் கூடிப்போச்சு."

அருமைநாயகிக்கு அந்த அக்கா என்ற சொல் மட்டும்தான் கேட்டது. உப்புப் பிறகு மெல்ல வந்து சேர்ந்தது. ஏழு வருடமாகக் காத்திருந்தவளுக்கு இதைவிட நல்ல சொல் கிடைத்திருக்காது.

"உருளைக்கிழங்கு எங்கை கிடக்குது?"

பிறகு நாற்காலியிலிருந்து உத்தரவுகள் பறந்தன. கிழங்கு கீழ்த்தட்டில். அதில்லை, பெரியது. தேங்காய்ப்பால் தகரம் கதவுக்குப் பின்னால். தேசிக்காய் பிழி, ஆனால் இப்ப இல்லை, இறக்கும்போது. நீ எப்பவும் அவசரப்பட்டுத்தான் பிழிவாய். அருமைநாயகி கிழங்கு சீவினாள், ஏச்சு வாங்கினாள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். மறுபடி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது கறி, தாராள மனமுள்ளவர்கள் கறி என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்திருந்தது. கிளோறியா கதைத்துக்கொண்டே இருந்தாள். முழங்கால், டொக்டர், பக்கத்துக் கட்டில்காரி, எல்லாம் வந்தன. கடைசியில் கையை நிறுத்தி அக்காவைப் பார்த்தாள்.

"ஸ்பெயினுக்குப் போனியாம். எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலையும் மாடு நிக்குதாம். எனக்கு ஒண்டும் வாங்கேல்லையோ?"

ஸ்ரிபன் வாயைத் திறந்தான். மேசைக்குக் கீழே அருமைநாயகியின் குதிக்கால் அவன் பாதத்தில் ஏறி நின்றது. செல்வரட்ணம் தன் கோப்பைக்குள் எதையோ தேடினார். சொல்லியிருக்கலாம்: சந்தை முழுவதும் அலைந்ததை, முழுத்தொடையாக வாங்கியதை, புருஷன் சேர்ட்டெல்லாம் போட்டுக்கொண்டு வியர்த்ததை. சொன்னால் தங்கச்சி தோற்றுப்போவாள். இப்போதுதான் கதைக்கத் தொடங்கியிருக்கிறாள்.

"மறந்துபோனன்," என்றாள், வாழ்க்கையில் ஒரு வீட்டையும் மறக்காத அருமைநாயகி.

"எனக்குத் தெரியும்," என்றாள் கிளோறியா. அவள் முகத்தில் அப்படியொரு நிறைவு. அக்கா தன்னைக் கணக்கில் எடுப்பதில்லை என்று ஏழு வருடமாகத் தான் சொல்லிவந்தது சரியென்று அக்காவே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டாள். கோப்பையை நீட்டி, இன்னொரு துண்டு போடச் சொன்னாள்.

அருமைநாயகி சட்டியை அடிவரை கிளறி, இருந்ததிலேயே பெரிய துண்டைத் தேடி எடுத்துப் போட்டாள்.